மரபணு நோயைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வது எப்படி? புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு

மரபணு நோய் ஒன்றை விளக்கும்போது உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோ இருவரோதான். நீங்கள் சொல்லப்போவதைத் தெரிந்துகொள்ளக் காத்திருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. குழந்தையின் அம்மா வீட்டுக்குப் போனதும் மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார், அடுத்த மாதம் பிரசவத்தை எதிர்பார்க்கும் சொந்தத் தங்கை கேட்பார். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். உங்களிடம் முக்கால் மணி நேரம் கேட்டதை அவர் தன் வாயால் ஐந்து நிமிடத்தில் சொல்லியாகவேண்டும். குறுக்குக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.

அவர் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லும்படி நீங்கள் சொன்னீர்களா? இந்த வேலையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் என்று இந்தப் பணிக்குப் புதிதாக வரும் எல்லோருக்கும் பொருந்தும்படி, செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பதைச் சரிபாருங்கள்

குடும்பத்தை அழைப்பதற்கு முன் ஃபைலை முழுதாகப் படியுங்கள். நோய் உறுதியாகிவிட்டதா, இன்னும் சந்தேகம்தானா? எந்த டெஸ்ட்டால் உறுதியானது? டவுன் சின்ட்ரோம் என்று ஃபைலில் எழுதியிருந்தால் அது குழந்தையின் முகத்தைப் பார்த்து எழுதியதா, குரோமோசோம் டெஸ்ட் முடிந்து எழுதியதா? இந்த ஒரு வித்தியாசத்தில் அடுத்த குழந்தையைப் பற்றிய பதிலே மாறிவிடும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு 21-ஆம் குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருக்கும். மூன்று, நான்கு சதவீதம் பேருக்கு அந்தக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது வகையில்தான் பெற்றோரையும் பரிசோதிக்கவேண்டும்; அவர்களில் ஒருவரிடமிருந்து அது வந்திருக்கலாம். டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் “இது தற்செயல்தான், மறுபடி வராது” என்று ஆறுதல் சொல்லிவிட்டால், பிறகு அதைத் திரும்பப் பெறவே முடியாது.

அதோடு, அந்த நோய்க்கு இன்று என்ன சிகிச்சை இருக்கிறது என்பதையும் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் பாடப்புத்தகம் சீக்கிரம் பழசாகிவிடுகிறது. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு மருந்தே இல்லை என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2016-இல் முதல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. சிக்கில் செல் என்ற இரத்த நோய்க்கு மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது.

யார் உட்காரவேண்டும், எங்கே

நடைவழியில் நின்றபடி சொல்லாதீர்கள். ஒரு அறை, கதவு சாத்தியிருக்கவேண்டும், போன் அணைந்திருக்கவேண்டும். எல்லோரும் உட்காரவேண்டும், நீங்களும்தான். அழைக்கும்போதே “உங்களோடு யார் இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். சிலர் கணவரை வரச்சொல்வார்கள், சிலர் தன் அம்மாவை. தேர்வு அவர்களுடையது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் அதற்கென இருப்பவரை வையுங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லவே கூடாது. தம்பியின் நோயைப் பெற்றோருக்குச் சொல்லும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது.

கைக்குழந்தையாக இருந்தால் குழந்தையும் அறையில் இருக்கட்டும். அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். “இந்த கேஸ்” என்ற சொல் அந்த அறைக்குள் வரவே கூடாது.

சொல்வதற்கு முன் கேளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்ததும் குரோமோசோமிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆனால் குடும்பம் பாடம் கேட்க வரவில்லை. “இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?” என்று கேளுங்கள். அடுத்து, “நீங்க என்ன காரணம்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வராது. காத்திருங்கள். கர்ப்பமாக இருக்கும்போது கீழே விழுந்தது, ஒரு மாத்திரை சாப்பிட்டது, கிரகணத்தன்று வெளியே போனது என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது மெல்ல வெளியே வரும். அது வெளியே வராத வரை நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் உள்ளே போகாது. நீங்கள் மரபணு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் மனசு அந்த மாத்திரையிலேயே நிற்கும்.

எந்த நோயாக இருந்தாலும் குடும்பங்கள் சுற்றிச்சுற்றி வருவது நான்கு கேள்விகளைத்தான். ஏன் வந்தது? யாரால் வந்தது? என் பிள்ளைக்கு இனி என்ன ஆகும்? அடுத்த பிள்ளைக்கும் வருமா? இவற்றில் எது அவர்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

நோயின் பெயரை இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை என்றால் சுற்றிவளைக்காதீர்கள். “கஷ்டமான ஒரு விஷயம் சொல்லப்போறேன்” என்று ஒரு வரி முன்னறிவிப்பு. பிறகு நோயின் பெயர், தெளிவாக, ஒரே வாக்கியத்தில். அதன் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், அவர்களுக்கு அல்ல. அவர்கள் தலை நிமிர்ந்து முதல் கேள்வி கேட்கும்போது அடுத்த வாக்கியத்தைச் சொன்னால் போதும். அன்றைக்கு அவர்கள் எதையும் கேட்கும் நிலையில் இல்லை என்றால், அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

குடும்ப மரம் வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை மேஜை நடுவில், அவர்களும் பார்க்கும்படி வையுங்கள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். நோய் உள்ளவருக்கு உள்ளே முழுதாகக் கறுப்படிக்கவேண்டும். இறந்தவர் மீது சாய்கோடு. இரத்த உறவுக்குள் மணம் செய்த தம்பதிக்கு இடையே இரட்டைக்கோடு. யாரை வைத்து இந்த விசாரணை தொடங்கியதோ அவருக்கு ஒரு அம்புக்குறி. குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும்.

“உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் இருக்கா?” என்று மொத்தமாகக் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். ஒவ்வொருவராகக் கேளுங்கள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எல்லோரும் இருக்கிறார்களா, சின்ன வயதில் யாராவது தவறினார்களா, கரு கலைந்ததுண்டா, நடக்கப் பிந்திய பிள்ளை உண்டா? அப்போதுதான் “மூத்த மாமா ஒருத்தர் இருந்தாராம், பன்னெண்டு வயசுல நடக்க முடியாம போச்சாம்” என்று ஒரு சதுரம் முளைக்கும். அம்மா வழி மாமா ஒருவருக்குச் சிறுவயதில் தசை பலவீனம் இருந்தது என்பது, டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள பையனின் குடும்பத்தில் மிகப் பெரிய தகவல்.

இந்தத் தாளில் இருப்பது பலருடைய அந்தரங்கம் என்பதை மறக்காதீர்கள். தத்தெடுத்தது, முதல் திருமணம், வெளியே சொல்லாத கருக்கலைப்பு என்று எல்லாமே இதில் வரும். கணவன் மனைவியில் ஒருவரைத் தனியாகக் கேட்கவேண்டியவையும் உண்டு. அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எவ்வளவு அறிவியல் போதும்

மிகக் கொஞ்சம். நம் உடம்பு செல்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. அவற்றின் மீது சுமார் 20,000 மரபணுக்கள். உடம்பு எதை எப்படிச் செய்யவேண்டும் என்ற குறிப்புகள் அவை. பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. இவ்வளவுதான். “இரண்டு பிரதி” என்ற அந்த ஒரு செய்தி ஊன்றிவிட்டால் மீதி எல்லாம் அதன் மேல் நிற்கும்.

இதில் குடும்பங்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மரபணுவில் வந்த நோய் என்றால் முன்னோரிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். “எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே, எப்படி இது மரபணு நோயாகும்?” என்ற கேள்வி பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே மரபணுவில் புதிதாக ஒரு மாற்றம் நேரலாம். குட்டை உருவத்தை உண்டாக்கும் அகோன்ட்ரோபிளேசியாவில் பத்துக்கு எட்டுப் பேர் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். நரம்புகளில் கட்டிகளை உண்டாக்கும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையில் பாதிப்பேருக்கு மாற்றம் அவர்களிடம்தான் முதல்முதலாகத் தோன்றியிருக்கும். இது ஒரு வழி. இன்னொரு வழி, தலைமுறை தலைமுறையாக யாருக்கும் நோய் தராமல் ஒற்றைப் பிரதியில் மறைந்து வந்தது, இரண்டு பக்கமும் சந்தித்தபோது வெளிப்பட்டது. தலசீமியா (இரத்தச்சோகை தரும் நோய்), சிக்கில் செல், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைத் தாக்கும் நோய்) எல்லாம் அப்படிப்பட்டவை. ஒற்றைப் பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவரைக் கேரியர் என்கிறோம். இதுபோல் சில மரபணு மாற்றங்களைச் சுமக்காத மனிதர் கிட்டத்தட்ட இல்லை. இதைக் குடும்பத்திடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்கு சீட்டுகள்

அப்பா, அம்மா இருவரும் கேரியர்களாக இருக்கும் நோயில், அடுத்த பிள்ளைக்கு வருமா என்ற கேள்விக்கு “25 சதவீதம்” என்று பதில் சொன்னால், பாதிப்பேர் தலையாட்டுவார்கள். புரிந்துகொண்டவர்கள் அதில் எத்தனை பேர் என்பது வேறு. சதவீதத்தைச் சொல்வதற்குப் பதிலாகச் செய்து காட்டுங்கள்.

நான்கு சின்னக் காகிதச் சீட்டுகள். இரண்டை அம்மாவிடம், இரண்டை அப்பாவிடம் கொடுங்கள். இருவரிடமும் உள்ள இரண்டில் ஒன்றில் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருக்கவேண்டும். மடித்து, கையில் குலுக்கி, பார்க்காமல் ஆளுக்கு ஒன்றை மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பிரியுங்கள். அதுதான் ஒரு பிள்ளை. இரண்டிலும் புள்ளி இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் என்றால் கேரியர். அப்பா அம்மாவைப் போலவே, நோய் இல்லை. இரண்டும் வெள்ளை என்றால் அந்த மாற்றமே இல்லை.

இனிதான் முக்கியமான இடம். சீட்டுகளை மேஜையிலேயே விட்டுவிடாதீர்கள். மறுபடி மடித்து அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். “அடுத்த பிள்ளைக்கு மறுபடி இதே நாலு சீட்டுதான்” என்று சொல்லுங்கள். இதைச் செய்யும்போதுதான் “நாலுல ஒண்ணுன்னு சொன்னாங்க, எங்களுக்கு அந்த ஒண்ணு வந்தாச்சு, இனிமே மூணு பிள்ளைக்கு வராதுல்ல?” என்ற நம்பிக்கை உடையும். இந்தத் தவறான நம்பிக்கையோடு அடுத்த கர்ப்பத்துக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. வாயால் பத்து முறை சொன்னாலும் போகாதது, சீட்டு மறுபடி கைக்குத் திரும்பும்போது போய்விடுகிறது. மறுபக்கமும் உண்டு. இரண்டாவது முறையும் புள்ளி இரட்டையாக வந்துவிட்டால் அறை கனத்துப்போகும். அதனால் ஒன்றிரண்டு முறையோடு நிறுத்தாமல் பல தடவை எடுக்க விடுங்கள். வெள்ளையும் ஒற்றைப் புள்ளியும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டும்.

அதே சீட்டுகளை வைத்து இன்னொரு கணக்கும் சொல்லலாம். நோய் இல்லாத அக்கா கேரியராக இருக்க எவ்வளவு வாய்ப்பு? பாதிக்குப் பாதி என்று பலரும் நினைப்பார்கள். சீட்டுகள் சேரும் வழி நான்கு. அக்காவுக்கு நோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால் இரட்டைப் புள்ளி கழிந்துபோகிறது. மீதி மூன்றில் இரண்டில் ஒற்றைப் புள்ளி இருக்கிறது. ஆக மூன்றில் இரண்டு.

ஒரே ஒரு மாறிய பிரதியே நோய் தரும் வகைகளுக்கு (மூளையைத் தாக்கும் ஹண்டிங்டன், எலும்பையும் இதயத்தையும் தாக்கும் மார்ஃபன் போன்றவை) ஒருவர் கையில் மட்டும் புள்ளி வையுங்கள், மற்றவர் இரண்டும் வெள்ளை; ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஹீமோபிலியா (இரத்தம் சரியாக உறையாத நோய்), டுஷேன் போன்றவை எக்ஸ் குரோமோசோமில் வருபவை. அம்மா கையில் இரண்டு எக்ஸ், அப்பா கையில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். அம்மாவின் ஒரு எக்ஸில் புள்ளி இருந்தால், மகன்களில் ஒவ்வொருவருக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு, மகள்களில் ஒவ்வொருவரும் கேரியராகப் பாதி வாய்ப்பு. ஹீமோபிலியா உள்ள அப்பாவின் மகள்கள் எல்லோரும் கேரியர்கள்; மகன்களுக்கு அவரிடமிருந்து அது வராது, ஏனென்றால் அவர் மகன்களுக்குத் தருவது ஒய்யைத்தான். கேரியர் பெண்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள்; ஹீமோபிலியா கேரியர்களில் சிலருக்கு மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும், அவர்கள் இரத்தத்தை உறையவைக்கும் பொருளின் அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் வரும் நோய்கள் அம்மா வழியாக மட்டுமே போகும். அவற்றுக்குச் சீட்டுக் கணக்கு பொருந்தாது.

எண்ணைச் சொல்லும்போது இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்: “இப்படிப்பட்ட நூறு கர்ப்பத்தில் 25-இல் நோய் இருக்கும், 75-இல் இருக்காது.” ஒப்பிடவேண்டி வந்தால் எத்தனை பேரில் என்ற அந்தக் கீழ் எண் எப்போதும் ஒரே எண்ணாக இருக்கட்டும். 112-இல் ஒன்று, 384-இல் ஒன்று என்று அடுத்தடுத்துச் சொன்னால் 384 தான் பெரிய ஆபத்து என்று கேட்பவர்கள் பலர். “ரிஸ்க் கம்மிதான்” என்பதும் பதில் அல்ல. உங்களுக்குக் கம்மி என்று தோன்றுவது, ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்தவருக்கு அப்படி இல்லை.

“யாரால வந்தது?”

இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பதில் சொல்லிவிடுங்கள். கணவன் மனைவி இருவரும் இருக்கும்போது, முடிந்தால் வீட்டுப் பெரியவர்களும் இருக்கும்போது சொல்லுங்கள். பழி பெரும்பாலும் பெண் மீதுதான் விழுகிறது. உங்கள் ஒரு வாக்கியம் அந்த வீட்டில் அவருக்குப் பல வருடத்துக்குத் துணை நிற்கும்.

ஆனால் “யாரோட தப்பும் இல்லை” என்று மட்டும் சொன்னால் அது வெறும் ஆறுதலாகிவிடும். காரணத்தோடு சொல்லுங்கள். தலசீமியாவா? “ரெண்டு பேரும் சரிசமமா ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்கீங்க. ஒருத்தர் மட்டும் கொடுத்து இந்த நோய் வராது.” டவுன் சின்ட்ரோமா? பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் நேர்ந்த தற்செயல். வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பு கூடுவது உண்மை, ஆனால் அந்தப் பெண் செய்த, செய்யாத எதுவும் இதற்குக் காரணம் இல்லை. டுஷேன் என்றால், சுமார் மூன்றில் ஒரு பங்குப் பையன்களுக்கு மாற்றம் புதிதாக வந்தது. அம்மாவுக்கு டெஸ்ட் செய்யும் முன்பே அவரைக் கேரியர் என்று முத்திரை குத்தக் கூடாது. டெஸ்ட்டில் இல்லை என்று வந்தாலும் அவரது கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் மாற்றம் இருக்கலாம் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உறவுக்குள் மணம் செய்தவர்களிடம் இன்னும் கவனமாகப் பேசவேண்டும். பெற்றோரின் உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்குள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். எந்தத் தம்பதிக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு, மூன்று பேருக்குப் பிறவியிலேயே பெரிய குறை இருக்கக்கூடும். இப்படி மணந்தவர்களுக்கு அதோடு இன்னும் இரண்டு, மூன்று கூடும். இவர்கள் பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்கள் நலமாகவே பிறக்கிறார்கள். இதை அப்படியே சொல்லுங்கள். நடந்து முடிந்த கல்யாணத்தைப் பற்றி உங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை.

டெஸ்ட்டுக்கு முன்னும் ரிப்போர்ட்டுக்குப் பின்னும்

இரத்தம் எடுப்பதற்கு முன்பே மூன்று சாத்தியங்களையும் சொல்லிவிடுங்கள்: காரணம் தெரியலாம், ஒன்றும் தெரியாமல் போகலாம், தெளிவில்லாத ஒன்று வரலாம். தேடாத வேறொரு தகவல் வெளிப்படலாம் என்பதையும், குடும்பமாகச் செய்யும் டெஸ்ட்டில் யார் யாருக்கு இரத்த உறவு என்பதும் தெரியவரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். தேடாதது வந்தால் தெரிவிக்கவேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்துத் தருவார்கள்: நோய் தருவது உறுதி, நோய் தரக்கூடும், பொருள் தெளிவில்லை, தீங்கில்லாததாக இருக்கலாம், தீங்கில்லாதது. நடுவில் இருக்கும் அந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பொருள் தெளிவில்லாத மாற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோய் உறுதி என்று சொல்வதும், உறவினர்களை எல்லாம் டெஸ்ட்டுக்கு அனுப்புவதும், அதை நம்பிக் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கவிடுவதும் தவறு. “இப்போதைக்கு இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இன்னும் பலருடைய விவரம் சேரச்சேர இதன் பொருள் மாறலாம். ஓரிரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்ற ரிப்போர்ட்டும் அப்படித்தான். இந்த டெஸ்ட் பார்த்த இடத்தில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

இன்னும் நோய் வராத ஒருவருக்கு, பின்னால் வருமா என்று பார்க்கும் டெஸ்ட் தனி ரகம். ஹண்டிங்டன் நோய்க்கான மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஒரு சிறு பகுதி திரும்பத்திரும்ப வருகிறது. அந்த எண்ணிக்கை 40-ஐத் தொட்டால் இயல்பான ஆயுளுக்குள் நோய் வரும், 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். நோயைத் தடுக்கும் மருந்து கையில் இல்லாதபோது இந்த எண்ணைத் தெரிந்துகொள்வதா என்பது அவரவர் உரிமை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் உரிமைதான். பெரியவர்களானபின் மட்டும் வரும், சிறுவயதில் செய்வதற்கு ஒன்றும் இல்லாத நோய்க்குச் சிறுபிள்ளைகளைப் பரிசோதிப்பதில்லை. பெற்றோர் கேட்டாலும் இதை விளக்கி, அந்த முடிவைப் பிள்ளை வளர்ந்து எடுக்க விடச்சொல்லுங்கள்.

மற்ற உறவினர்களுக்கு

ஒருவருக்கு வந்த ரிப்போர்ட் அவருடைய தங்கைக்கும் சித்தப்பாவுக்கும் பயன்படலாம். மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடும் பிஆர்சிஏ மாற்றம் ஒரு பெண்ணிடம் இருந்தால் அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு. இது பெண்கள் வழியாக மட்டும் போவதில்லை. அப்பாவிடமிருந்து மகளுக்கும் மகனுக்கும் போகும். “அப்பா வழி அத்தைக்குத்தான் புற்றுநோய் இருந்தது, அது எங்களுக்குக் கணக்கில் வராது” என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

உறவினர்களுக்கு நீங்களே போன் செய்து சொல்லக் கூடாது. சொல்லவேண்டியவர் நோயாளி, சொல்வதை எளிதாக்கிக் கொடுப்பது உங்கள் வேலை. ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: மரபணுவின் பெயர், மாற்றத்தின் சரியான குறியீடு, யாரைச் சந்திக்கவேண்டும், அவசரமா இல்லையா. பெறுபவர் அந்தக் குறியீட்டை எந்த மருத்துவரிடம் காட்டினாலும் அந்த ஒன்றை மட்டும் தேடிப் பார்க்கமுடியும். கடிதத்தில் நோயாளியின் மற்ற உடல்நிலை விவரம் எதுவும் வேண்டாம்.

குழந்தைகளிடம்

நோயுள்ள பிள்ளைக்கு வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக, கேட்டதற்கு மட்டும், உண்மையாகச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு நாளில் உட்காரவைத்துச் சொல்வதைவிட அது நல்லது. கூடப்பிறந்த பிள்ளைகளைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் மனதில் இரண்டு பயம் இருக்கும்: எனக்கும் வருமா, நான் அன்றைக்குத் தள்ளிவிட்டதால்தான் தம்பிக்கு வந்ததா? பெற்றோரிடம் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லி, அவர்கள் கேட்காமலே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

இந்தக் கேள்வி வந்தே தீரும். “உங்க இஷ்டம்” என்று ஒதுங்கினால் கைவிட்டதுபோல் ஆகும். உங்கள் விருப்பத்தைச் சொன்னால் அவர்கள் வாழ்க்கையை நீங்கள் முடிவுசெய்ததாகிவிடும். இதற்கு நடுவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. “எது நடந்தா உங்களால தாங்க முடியாதுன்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். இன்னொரு பிள்ளை இதே நோயோடு பிறப்பதா, அல்லது இன்னொரு பிள்ளையே இல்லாமல் போவதா, அல்லது கர்ப்பத்தின் நடுவில் ஒரு முடிவெடுக்கவேண்டி வருவதா? கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டால் பதில் வேறுவேறாக வருவதுண்டு. அந்த வித்தியாசத்தை அவர்களே பார்க்கும்படி செய்வதுதான் உதவி.

வழிகளை எல்லாம் ஒரே குரலில், ஒரே நேர அளவில் சொல்லுங்கள்: பரிசோதனை இல்லாமலே கர்ப்பம், கர்ப்பத்தில் பரிசோதனை, கருவைச் சோதித்துப் பொருத்தும் சோதனைக்குழாய் முறை, தானமாகப் பெறும் கருமுட்டை அல்லது விந்தணு, தத்து, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்ற முடிவு. கடைசியாகச் சொன்னதில் உங்கள் குரல் தாழ்ந்தால் அதையும் அவர்கள் கவனிப்பார்கள்.

நோயைப் பற்றிச் சொல்லும்போதும் இதே நேர்மை வேண்டும். மரபணுவில் இருக்கிறது என்பதாலேயே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. உணவுப் புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடம்பால் சரியாகச் சிதைக்கமுடியாத ஃபினைல்கீட்டோனூரியாவும் மரபணு நோய்தான். பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சொட்டு இரத்தத்தில் தெரிந்துகொண்டு உணவுமுறையை மாற்றினால் மூளை பாதிக்கப்படாமல் காக்கமுடிகிறது. அதேபோல், சிகிச்சை இல்லாத நோய்க்கு விரைவில் மருந்து வந்துவிடும் என்று நம்பிக்கை ஊட்டுவதும் வேண்டாம். பிசியோதெரபி, இதயப் பரிசோதனை, பள்ளிக்கூடம், இதே நோயுள்ள இன்னொரு குடும்பத்தின் அறிமுகம் என்று அடுத்த மாதம் செய்யவேண்டியவற்றைச் சொல்லுங்கள்.

திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள்

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள். “வீட்டுக்குப் போனதும் உங்க மாமியார் கேட்டா என்ன சொல்வீங்கம்மா? நான் தெளிவா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும்” என்று கேளுங்கள். பரீட்சை வைப்பதுபோல் இருக்கக் கூடாது. சோதனை உங்கள் விளக்கத்துக்குத்தான். “என் இரத்தத்துல குறை இருக்காம், அதான் வந்துச்சுன்னு சொல்வேன்” என்று அவர் சொன்னால் சீட்டுகளை மறுபடி எடுங்கள். “ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொண்ணு இருந்திருக்கு, ரெண்டும் சேர்ந்ததுல வந்துச்சு, அடுத்ததுக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு சொல்வேன்” என்றால் அவர் தயார்.

போகும்போது அவர் கையில் ஒரு தாள் இருக்கட்டும். நோயின் பெயர், மரபணுவின் பெயர், இன்று பேசியதில் மூன்று, நான்கு வரி, வரையப்பட்ட சீட்டுப் படம், அடுத்த சந்திப்பின் தேதி, கேள்வி வந்தால் கூப்பிடவேண்டிய எண். தாளில் எழுதும் மொழி அவர்கள் வீட்டில் வாசிக்கக்கூடிய மொழியாக இருக்கவேண்டும். அதில் இன்னொரு வரியை நீங்களே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்: அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போதே, கர்ப்பம் தரிக்கும் முன், எங்களை வந்து பாருங்கள். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் 11 முதல் 14 வாரத்துக்குள், பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது 15 வாரத்துக்குப் பிறகு. குடும்பத்தில் இருக்கும் மாற்றம் எது என்று முன்பே கண்டுபிடித்திருந்தால்தான் அந்த வாரங்களில் அதைத் தேடிப் பார்க்கமுடியும். ஐந்தாம் மாதத்தில் வந்து நிற்பவர்களுக்கு வழிகள் பாதியாகக் குறைந்திருக்கும்.